எட்டடி அறையும் எழுபதாயிரம் ரூபாயும்

கேமரா வாங்க யோசனை கேட்பவருக்கு இன்று எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. பட்ஜெட்டுக்குள் வரும் புது மிரர்லெஸ் ஒன்று, அதோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸ், கையில் மிச்சமிருந்தால் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். இந்தப் பதிலைக் கோலார் தங்கவயலில் வைத்து உரசிப் பார்த்தால் மூன்றுமே தேறவில்லை என்பது என் கட்சி. யூடியூப் விமர்சகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் சோதித்துப் பார்க்கும் வீடு வேறு, வெயில் வேறு, தூசி வேறு.

முதலில் இந்த ஊரின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இங்கே தங்கச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பிறகு தங்கவயல் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பிழைப்பு ரயிலை நம்பியதாகிவிட்டது. விடியும் முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் வண்டி ஏறி, சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் ஒருவர் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கேமரா வாங்கினால் அவருக்கு வாய்ப்பது இரண்டே வெளிச்சம்: இரவில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டு டியூப்லைட், ஞாயிற்றுக்கிழமை தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் உச்சிவெயில். புகைப்படப் புத்தகங்கள் போற்றும் அதிகாலை, அந்தி வெயிலெல்லாம் ரயில் ஜன்னலுக்கு வெளியே கழிந்துபோகும். எந்தக் கேமராவையும் இந்த இரண்டு வெளிச்சத்தில் நிறுத்தித்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

குழந்தையின் பிறந்தநாள், பொங்கல், அக்கா வீட்டு விசேஷம் ஆகியவற்றைப் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்பவருக்கு என் பதில் சுருக்கமானது: கேமரா வாங்காதீர்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால், சென்சாரில் சேரும் மொத்த வெளிச்சம் அதன் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. இன்றைய நல்ல நடுத்தர போனின் பிரதான சென்சார் 50 முதல் 70 சதுர மி.மீ. இருக்கும், லென்ஸ் எஃப்/1.8. வகுத்தால் 15 முதல் 22 வரை வருகிறது. ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் 23.5க்கு 15.6 மி.மீ., அதாவது 367 சதுர மி.மீ. ஆனால் கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் எஃப்/5.6 ஆகிவிடும். வகுத்துப் பாருங்கள், 12கூட வரவில்லை. இழுக்காமல் 18 மி.மீ.இல் வைத்தால் எஃப்/3.5, விடை 30. போன் இதற்கு மேல் நாலைந்து படங்களை ஒன்றாகச் சேர்த்து இரைச்சலைத் துடைத்தும் தருகிறது. நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய கேமரா, டியூப்லைட் வெளிச்சத்தில், சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் போனிடம் தோற்கிறது என்பதுதான் இதன் பொருள். கேமரா வாங்கிய பலர் ஆறு மாதத்தில் அதை பீரோவில் பூட்டிவிட்டுப் போனுக்கே திரும்புவதற்குச் சோம்பல் காரணமில்லை. அந்தக் கிட் லென்ஸ்தான் காரணம்.

அப்படியானால் இந்த ஊரில் கேமரா யாருக்குத்தான் வேண்டும்? கல்யாண வேலை எடுத்துப் பிழைக்க நினைப்பவருக்கு வேண்டும்; அவரிடம் பிறகு வருகிறேன். அதைவிட அவசரமாக வேண்டியது, ஊரைப் பதிவு செய்ய நினைப்பவருக்கு. 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை, சுமார் 1,003 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 சயனைடு மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. அந்தத் திட்டம் நடந்தால், நூறாண்டுக்கு மேலாக ஊரின் அடிவானமாக இருந்த மேடுகள் இடம்பெயரும். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்துக் கொண்டிருக்கின்றன. நிலத்தடியில் வேலை பார்த்தவர்களில் பலர் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ படமும் 2024இல் வந்த ‘தங்கலான்’ படமும் இந்தப் பெயரை உலகுக்குச் சொல்லின. ஆனால் உரிகம் லைனில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைப் படமாக வைத்திருக்க வேண்டியவர்கள் அந்த லைன்காரர்கள்தான். அதற்குப் போன் போதாதா என்று கேட்கலாம். பெரிதாக அச்சிட, நிழலுக்குள் இருப்பதை ரா கோப்பிலிருந்து மீட்டெடுக்க, ஃபிளாஷ் பூட்ட, இருபது ஆண்டு கழித்து ஒருவர் முகத்தின் தழும்பைப் பெரிதாக்கிப் பார்க்கப் போதாது.

இனி அறைக்குள் போவோம். லைன் வீட்டின் முன்னறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எட்டடி இடைவெளி தேறினால் அதிகம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு எட்டடி தூரத்திலிருந்து எடுத்தால் சட்டத்துக்குள் விழும் அகலம் மூன்றரை அடிச் சொச்சம்தான். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி விழுவார். அவர் தோளில் சாய்ந்திருக்கும் பேரனில் பாதி விழுவான். பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தாவின் மைன்ஸ் காலத்துப் படமும், அலமாரி மேல் துடைத்து வைத்திருக்கும் அவருடைய ஹெல்மெட்டும் வெளியே போய்விடும். பாட்டியின் முகம் எந்த ஸ்டுடியோவிலும் எடுக்கக்கூடியது. அந்தச் சுவரும் ஹெல்மெட்டும்தான் அந்தப் படத்தைத் தங்கவயல் படமாக்குகின்றன. எல்லாரும் ஓதும் ‘முதல் லென்ஸ் 50 எஃப்/1.8’ என்ற மந்திரம் இங்கே வேலைக்காகாது.

அதே எட்டடியில் 24 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஏழரை அடி அகலத்தைத் தரும். 16 மி.மீ. போட்டால் பதினோரு அடிக்கு மேல் வரும். ஆனால் ஓரத்தில் இருப்பவர் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்று தெரியும். மூத்தவர்களைப் படமெடுக்கப் போய் அவர்களைக் கேலிச்சித்திரமாக்கக் கூடாது. என் கணக்கில் 24தான் இந்த அறைக்குச் சரியான அளவு. கேனனின் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் லென்ஸ் புதிதாகவே சுமார் பதினைந்தாயிரத்துக்குள் வரும். தடிமன் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. எஃப்/5.6உடன் ஒப்பிட்டால் நான்கு மடங்கு வெளிச்சம். 100 லக்ஸ் அளவுள்ள அறையில் ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் கிட் லென்ஸின் இழுத்த முனை ஐஎஸ்ஓ 5000ஐ நெருங்கும். இந்த லென்ஸ் 1200 வாக்கில் நின்றுவிடும்.

“ஃபுல் ஃபிரேம் இல்லாம அந்த லுக் வருமாண்ணா?” என்று கேட்கும் தம்பிகள் நிறைய. வரும் என்பதைவிட, அந்தப் பணத்துக்கு வேறு வழியில் அதிகம் வரும் என்பதே சரியான பதில். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ.; பரப்பில் ஏபிஎஸ்-சியைவிட 2.35 மடங்கு பெரியது. லென்ஸ் எஃப் எண் ஒன்றாக இருந்தால் வெளிச்ச லாபமும் அவ்வளவுதான். எஃப்/5.6இலிருந்து எஃப்/1.8க்கு மாறினாலோ ஏறக்குறைய பத்து மடங்கு கிடைக்கும். லட்ச ரூபாயைக் கேமரா உடலில் போட்டு லென்ஸில் கஞ்சத்தனம் செய்பவர், இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கவனிக்கவில்லை.

கருவியைத் தேவை தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குச் சுமார் 2.3 கி.மீ. கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்களுடன் சேர்ந்து காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். துகள் ஊடுருவினால் நியான் குழாய்கள் பளிச்சிடும். அதைக் கேமரா பதிவு செய்யும். அங்கே வேண்டியிருந்தது இருட்டில் ஒரே ஒரு பளிச்சைத் தவறவிடாத ஏற்பாடு, அவ்வளவே. விலை உயர்ந்தது எது என்பது அங்கே கேள்வியாகவே எழுந்திருக்காது.

எந்தக் கேமரா உடலில் லென்ஸைப் பூட்டுவது என்பது அடுத்த கேள்வி. இங்கே உச்சிவெயில் தன் வேலையைக் காட்டும். சயனைடு மேடு என்பது பொடியாக அரைத்த பாறைத்தூள், வெளிறிய நிறம். பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் மேல் நின்றால் கீழேயிருந்தும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். கேமராவின் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியுமே தவிரப் படம் தெரியாது. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டும் விலைக்கு நல்ல கேமராக்கள், வீடியோவுக்குப் பெயர்போனவை. இரண்டிலும் வ்யூஃபைண்டர் கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும் வீடியோ எடுப்பவருக்கு அது குறையே இல்லை. மேட்டில் நின்று படமெடுப்பவருக்கு அது தள்ளுபடிக்குப் போதுமான காரணம்.

வ்யூஃபைண்டர் உள்ள மலிவான கேமராக்களில் கேனன் 1500டி, 200டி மார்க் 2 இரண்டும் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுபவை. இவற்றில் ஒரு சின்ன வஞ்சகம் இருக்கிறது. ஃபிளாஷ் பூட்டும் மேல்தடத்தைக் கவனியுங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய உலோகப் புள்ளி இருக்காது. பழைய, மலிவான, எந்தக் கம்பெனிக் கேமராவிலும் எரியும் சாதாரண ஃபிளாஷ்கள் அந்தப் புள்ளியை நம்பித்தான் எரிகின்றன. இந்த இரண்டு கேமராவிலும் அவை எரியாது. பெட்டியில் இதைக் கொட்டை எழுத்தில் யாரும் அச்சிடுவதில்லை. 2023இல் வந்த கேனன் ஆர்50 இலகுவானது, ஃபோகஸ் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் கேனனின் சொந்தப் பழைய ஃபிளாஷைப் பூட்டக்கூடத் தனி அடாப்டர் கேட்கும். அதே ஆண்டின் ஆர்100இல் தொடுதிரையும் இல்லை, திரை மடங்கவும் மடங்காது.

ஃபிளாஷுக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், இரவு அறையில் அதுதான் எல்லாச் சென்சாரையும் ஜெயிக்கும். நேராக முகத்தில் அடித்தால் ஆதார் அட்டைப் படம்தான் வரும். தலையைத் திருப்பும் ஃபிளாஷ் வேண்டும். பிறர் கூரையில் அடிக்கச் சொல்வார்கள். லைன் வீடுகளில் மேலே ஓடோ தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ இருந்தால் வெளிச்சம் மங்கித்தான் திரும்பும். பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் அடியுங்கள். ஜன்னல் வெளிச்சம்போல முகத்தின் ஒரு பக்கத்தில் வந்து விழும். ஐந்தாறாயிரம் ரூபாய் ஃபிளாஷ் செய்யும் இந்த வேலையை அறுபதாயிரம் ரூபாய் கூடுதல் சென்சார் செய்யாது.

தூசியையும் எடை போட வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் மேட்டுத்தூள் ராபர்ட்சன்பேட்டை வரை வந்து கூடத்தில் படியும் என்பது ஊரார் அறிந்தது. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றிய மறுகணம் சென்சார் திறந்து கிடக்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் ஷட்டரும் அதை மறைத்து நிற்கும். இதனால் டிஎஸ்எல்ஆருக்குத் தூசியே வராது என்றில்லை. ஆபத்து குறைவு, அவ்வளவுதான். எதுவானாலும் மேட்டில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் என் கை போய் நிற்பது ஒரு பழைய டிஎஸ்எல்ஆரில்: 2016இல் வந்த கேனன் 80டி, செகண்ட் ஹேண்டில். 24.2 மெகாபிக்சல். 300 புள்ளி அடர்த்தியில் 20க்கு 13 அங்குலம் அச்சிடலாம். அதற்கு மேல் லைன் வீட்டுச் சுவரில் இடமில்லை. வெயிலில் தெளிவாகத் தெரியும் ஆப்டிகல் வ்யூஃபைண்டர், மடங்கித் திரும்பும் தொடுதிரை, நடுப்புள்ளியோடு ஃபிளாஷ் தடம், மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளைகள், ஒரு சார்ஜுக்குச் சோதனைக்கணக்கில் 960 படம்.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைக்க மாட்டேன். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. செத்த குதிரையில் பணம் கட்டுவதா என்று கேட்பார்கள். லென்ஸ் சாகவில்லை என்பது என் பதில். கேனனின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வைத்து நாளை வாங்கும் ஆர் வரிசைக் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு இயங்கும். நிக்கானில் இந்த நிம்மதி முழுசாக இல்லை. உடலின் மோட்டாரை நம்பும் பழைய லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். 80டியில் 4கே வீடியோ கிடையாது என்பது உண்மையான குறை. மூத்தவர்களின் பேச்சைப் பதிய 1080பி போதும் என்பது என் எண்ணம். ஒலி தெளிவாக இருப்பதுதான் முக்கியம், காலர் மைக் ஒன்று வாங்குங்கள். விளக்கு மினுமினுக்காமல் இருக்க ஷட்டரை 1/50இல் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீடியோவே பிரதானம், பட்ஜெட்டும் லட்சத்தைத் தொடும் என்றால் தீர்ப்பு மாறும்: வ்யூஃபைண்டர் உள்ள சோனி ஏ6400, அதோடு சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 அல்லது 16 மி.மீ. எஃப்/1.4. முன்பு போட்ட கணக்கில் போனின் எட்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் சேர்க்கும் ஜோடி அது.

கல்யாணக்காரருக்கு வேறு தராசு. அவர் எடுப்பது மறுபடி நடக்காத நிகழ்ச்சி. கார்டு ஒன்று பழுதானால் மானமும் போகும், முன்பணமும் போகும். ஆகவே இரண்டு கார்டு போடும் கேமரா கட்டாயம். இந்த ஒரே காரணத்தால் நான் புகழ்ந்த 80டியும் அவருக்கு ஆகாது. 2014இல் வந்த நிக்கான் டி750, 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3 இரண்டும் இரண்டு கார்டு எடுப்பவை. ரிசப்ஷன் மேடையில் இப்போது எல்ஈடி திரை. மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத இசட்வி-இ10 மார்க் 2 போன்றவற்றில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழ வாய்ப்புண்டு. ஆனால் முதல் வருஷமே கடன் வாங்கி உடலை வாங்க வேண்டாம். பெங்களூருவில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. சொந்தமாக ஃபிளாஷும் கார்டும் பேட்டரியும் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் உடலை வாடகைக்கு எடுங்கள். வேலை நிலைத்த பிறகு வாங்கலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் பயம் வருவது நியாயம். பில் கேளுங்கள். 80டியின் ஷட்டர் ஆயுள் ஒரு லட்சம் சொடுக்கு என்பது கம்பெனிக் கணக்கு. நிக்கானில் இதுவரை சொடுக்கிய எண்ணிக்கை படக்கோப்பிலேயே பதிந்திருக்கும், கேனனில் கணினியில் இணைத்து மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டும். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். லென்ஸின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, தொடாதீர்கள். கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இது அதிகம்.

எழுபதாயிரத்துக்கு என் தீர்ப்பு இது: 80டி உடல் முப்பதிலிருந்து நாற்பதாயிரத்துக்குள், 24 மி.மீ. லென்ஸ், தலை திரும்பும் ஃபிளாஷ், மீதியில் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டில். இந்தக் கடைசிச் செலவை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ரா கோப்பு ஒன்று 25, 30 எம்.பி. எடுக்கும் என்பதால் எழுதியே ஆக வேண்டும். முப்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் கேமராவை விட்டுவிடுங்கள். போனுக்கு ஒரு சின்ன டிரைபாடும் காலர் மைக்கும் வாங்கி, மிச்சத்தை 6க்கு 4 பிரிண்ட் போடச் செலவழியுங்கள்.

வாங்கியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தோடும் ஆளின் பெயர், லைனின் பெயர், வேலை பார்த்த ஷாஃப்ட், எடுத்த தேதி நான்கையும் அன்றிரவே கோப்பில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல அந்த வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே எழுதுங்கள்.